2ப + 1 பகா எண் சங்கிலிகளைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பகா எண்ணை (அதை ப என்போம்) எடுத்து, இரட்டித்து, 1 கூட்டுங்கள். வருவதும் பகா எண்ணாக இருந்தால் அதையும் இரட்டித்து 1 கூட்டுங்கள். பகு எண் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 89-இல் தொடங்கினால் 89, 179, 359, 719, 1439, 2879 என்று ஆறு பகா எண்கள் அடுத்தடுத்து வரும். ஏழாவதாக வரும் 5759 என்பது 13 × 443. இப்படி அமையும் வரிசைக்குக் கன்னிங்ஹாம் சங்கிலி என்று பெயர்.

புதிதாக இதில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் பகா எண் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இரட்டித்து, வந்த எண் பகா எண்தானா என்று சோதித்துக்கொண்டே போகிறார்கள். நான்கு உறுப்பு வரை இது ஓடும். ஏழு, எட்டு உறுப்புகளைத் தேடும்போது கணினியும் திணறும், ஆளும் சோர்ந்துவிடுவார். பகா எண் சோதனை கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்பே ஆகாத எண்களைக் கழித்துக்கட்டிவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி அந்தக் கழிப்பு வேலையைப் பற்றியதுதான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பள்ளிக் கணக்கில் படித்த மீதி காணும் முறை நன்றாகக் கைவர வேண்டும். 90-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 12 என்று யோசிக்காமல் சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தால் போதும். இங்கே ஈவு எங்கும் தேவைப்படாது.

100 வரையிலான 25 பகா எண்கள் ஒரு தாளில் இருக்கட்டும். கணினியில் செய்யப் போகிறீர்கள் என்றால் பெரிய முழு எண்களைத் தானாகவே கையாளும் மொழியாகப் பார்த்து எடுங்கள். பைத்தான் போதும்.

2. எந்தச் சங்கிலி, எத்தனை உறுப்பு: முதலில் எழுதி வையுங்கள்

2ப + 1 என்பது முதல் வகை. 2ப − 1 என்பது இரண்டாம் வகை. ஒரே சங்கிலியில் இரண்டையும் கலக்கக் கூடாது. பலர் 2, 3 என்று இரண்டாம் வகையில் தொடங்கி, 3, 7 என்று முதல் வகைக்குத் தாவிவிட்டு, நீளமான சங்கிலி கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கணக்கில் கட்டுப்பாடே இல்லை.

எத்தனை உறுப்பு தேடுகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். எந்த மீதிகளைத் தள்ளலாம் என்பது அந்த நீளத்தைப் பொறுத்தது. நீளத்தை முடிவு செய்யாமல் கழிக்கத் தொடங்கினால், நல்ல எண்கள் தப்பாகக் கழிந்துபோகும், அல்லது ஆகாதவை தங்கிவிடும்.

3. பகா எண்ணை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள்

தொடங்கும் பகா எண்ணை ப என்போம். ப + 1-ஐ ந என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சங்கிலி முழுவதும் இப்படி ஆகிவிடும்:

ந − 1, 2ந − 1, 4ந − 1, 8ந − 1, 16ந − 1 …

காரணம் எளிது. 2ப + 1-உடன் 1 கூட்டினால் 2ப + 2, அதாவது 2 × (ப + 1). ஒவ்வொரு அடியிலும் ந இரட்டிக்கிறது, வேறெதுவும் நடப்பதில்லை. 89-க்கு ந = 90. அதன் பிறகு 180, 360, 720, 1440, 2880. ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் சங்கிலி.

இந்த மாற்றத்தைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். இனி வரும் எல்லாப் படிகளும் ந-ஐ வைத்துத்தான். ப-ஐ வைத்து மீதி எடுத்துவிட்டு, ந-க்கான பட்டியலில் தேடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. விடை ஒன்று தள்ளிப்போகும், எல்லாமே தவறாகிவிடும்.

4. கடைசி இலக்கத்தைப் பார்த்தே தள்ளுங்கள்

1-இல் முடியும் எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் 3-இல் முடியும். அதிலிருந்து 7, அதிலிருந்து 5. ஐந்தில் முடிவது 5-ஆல் வகுபடும், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். 9-இல் முடியும் எண் மட்டும் மறுபடியும் 9-இலேயே முடிகிறது. எனவே நான்கு உறுப்போ அதற்கு மேலோ வேண்டுமானால் தொடக்க எண் 9-இல் முடிய வேண்டும்.

3-ஆல் வகுக்கும்போதும் இதே கதைதான். மீதி 1 வரும் எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் 3-ஆல் வகுபடும். எனவே மீதி 2 ஆக இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால், நான்கு உறுப்புக்கு மேல் தேடுபவருக்கு ந எப்போதும் 30-இன் மடங்கு. 29, 59, 89, 119, 149 … இவற்றை மட்டும் பார்த்தால் போதும். முப்பது எண்களில் இருபத்தொன்பது ஒரே அடியில் போய்விட்டன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 5 என்ற எண்ணே சங்கிலியில் இருந்தால் இந்த விதி பொருந்தாது. 2, 5, 11, 23, 47 ஐந்து உறுப்புள்ள நல்ல சங்கிலி. 5-ஆல் வகுபடுகிறது என்று 5-ஐயே தள்ளக் கூடாது அல்லவா? மிகச் சிறிய தொடக்க எண்களைத் தனியாக, கையாலேயே பார்த்துவிடுங்கள்.

5. தடை மீதிகளின் பட்டியல் தயாரியுங்கள்

இதுதான் முழு வேலையின் நடுநாயகம். பொறுமையாகப் படியுங்கள்.

7-ஐ எடுத்துக்கொள்வோம். 4ந − 1 என்பது 7-ஆல் வகுபட வேண்டுமானால், 4ந-ஐ 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். மற்ற உறுப்புகளுக்கும் அப்படியே. ஆகவே ந-இன் மீதியை இரட்டித்துக்கொண்டே போங்கள். எங்கே 1 வருகிறதோ அங்கே சங்கிலி அறுகிறது.

1-இல் போய் விழும் மீதிகள் எவை என்று அறிய, 1-இலிருந்து பின்னோக்கி வாருங்கள். பின்னோக்கி வருவது என்றால் பாதியாக்குவது. இரட்டை எண் என்றால் நேரே பாதியாக்குங்கள். ஒற்றை எண் என்றால் எந்தப் பகா எண்ணால் வகுக்கிறோமோ அதைக் கூட்டிப் பாதியாக்குங்கள்.

7-க்கு: 1, 4, 2, பிறகு மீண்டும் 1.
11-க்கு: 1, 6, 3, 7, 9, 10, 5, 8, 4, 2.
13-க்கு: 1, 7, 10, 5, 9, 11, 12, 6, 3, 8, 4, 2.

வரிசையில் முதலாவதாக இருக்கும் மீதி, சங்கிலியின் முதல் உறுப்பையே கெடுக்கும். இரண்டாவது மீதி இரண்டாம் உறுப்பைக் கெடுக்கும். ஆறு உறுப்புச் சங்கிலி வேண்டுமா? ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆறு மீதிகளைத் தடை செய்யுங்கள். 7-க்கு மூன்றே மூன்றுதான், பிறகு சுழற்சி திரும்பிவிடுகிறது. 11-க்கு 1, 6, 3, 7, 9, 10. 13-க்கு 1, 7, 10, 5, 9, 11.

மீதி 0 எந்தப் பட்டியலிலும் வராது. பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்தான், 1 ஆகாது. ‘0 என்றால் வகுபடுகிறது, எனவே தள்ள வேண்டும்’ என்று பழக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். வகுபடுவது ந-தான், ந − 1 அல்ல. உண்மையில் மீதி 0 உள்ள எண்கள்தான் மிகவும் பாதுகாப்பானவை.

11-இன் வரிசையைக் கவனியுங்கள். 1 முதல் 10 வரை எல்லா மீதிகளும் அதில் இருக்கின்றன. ஆகவே பத்து உறுப்புள்ள சங்கிலி வேண்டுமானால் ந கட்டாயம் 11-இன் மடங்காகவும் இருக்க வேண்டும் (11 என்ற எண்ணே சங்கிலியில் இல்லாதபோது). பத்து உறுப்புள்ள முழுச் சங்கிலிகளில் (முன்னும் பின்னும் நீட்ட முடியாதவை) மிகச் சிறியது 26089808579-இல் தொடங்குகிறது. அதனுடன் 1 கூட்டினால் 330 × 79060026.

6. ஒரு தேடலை முழுவதும் கையால் செய்து பாருங்கள்

கணினியைத் தொடும் முன் இதை ஒருமுறை தாளில் செய்யுங்கள். ஆறு உறுப்புக்கான தேடல், ந 30 முதல் 210 வரை:

30: 7-ஆல் வகுத்தால் மீதி 2, தடை.
60: மீதி 4, தடை.
90: 7-க்கு 6, 11-க்கு 2, 13-க்கு 12. எதிலும் தடையில்லை.
120: 7-க்கு மீதி 1, தடை. 119 = 7 × 17 என்பது நினைவிருக்கட்டும். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும்.
150: 7-க்கு 3, சரி. 11-க்கு 7, தடை.
180: 7-க்கு 5, 11-க்கு 4, இரண்டும் சரி. 13-க்கு 11, தடை.
210: 7-க்கு 0, சரி. 11-க்கு 1, தடை.

மிஞ்சியது 90 மட்டும். இதுவரை ஓர் எண்ணைக்கூடப் பகா எண்தானா என்று நாம் சோதிக்கவில்லை.

இப்போது 90-இன் ஆறு உறுப்புகளையும் ஒரே வீச்சில் நிரூபிக்கலாம். மிகப் பெரியது 2879. அதன் வர்க்கமூலம் 54-க்குக் கீழே. எனவே 53 வரையிலான பகா எண்களைப் பார்த்தால் போதும். 2, 3, 5 மூன்றும் 90-ஐ வகுப்பதால் அவை எந்த உறுப்பையும் வகுக்காது. 7, 11, 13 முடிந்தன. 17-ஆல் 90-ஐ வகுத்தால் மீதி 5. இரட்டித்தால் 5, 10, 3, 6, 12, 7. ஆறு இடங்களில் எங்கும் 1 இல்லை. எனவே ஆறு உறுப்புகளில் ஒன்றுகூட 17-ஆல் வகுபடாது. 19-க்கு 14, 9, 18, 17, 15, 11. 23-க்கு 21, 19, 15, 7, 14, 5. இப்படியே 29, 31, 37, 41, 43, 47, 53 வரை போங்கள். எங்கும் 1 வராது. ஆறு பெரிய எண்களைத் தனித்தனியாக வகுத்துப் பார்க்காமல், ஒவ்வொரு சிறு பகா எண்ணுக்கும் ஒரே ஒரு வகுத்தலோடு வேலை முடிகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

90-ஐ 13-ஆல் வகுத்த மீதி 12-ஐ இப்படியே ஏழாம் இடம் வரை இரட்டித்துப் பாருங்கள்: 12, 11, 9, 5, 10, 7, 1. ஏழாவது இடத்தில் 1. அதனால்தான் 5759-ஐ 13 வகுக்கிறது. சங்கிலி எங்கே அறுந்தது என்பதோடு, எதனால் அறுந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

சங்கிலி முடிவில்லாமல் போகுமா என்று பலரும் கேட்பார்கள். போகாது. ந-ஐ ப-ஆலேயே வகுத்தால் மீதி 1. ப ஒற்றையாக இருந்தால், அந்த மீதியை இரட்டித்துக்கொண்டே போகும்போது அதிகபட்சம் ப − 1 அடிகளில் மீண்டும் 1 வந்தே தீரும். 89-க்குப் பதினோரு அடிகளிலேயே வந்துவிடும், ஏனென்றால் 2048 = 23 × 89 + 1.

7. பின்னோக்கியும் பாருங்கள்

359, 719, 1439, 2879 என்று கண்டுபிடித்து, நான்கு உறுப்புச் சங்கிலி என்று எழுதிவிடுகிறார்கள். அது 89-இன் சங்கிலியின் வால்தான். (359 − 1) ÷ 2 = 179, அது பகா எண். எனவே கிடைத்த ஒவ்வொரு தொடக்கத்துக்கும் 1 கழித்துப் பாதியாக்கிப் பாருங்கள். அது பகா எண்ணாக இல்லாவிட்டால்தான் சங்கிலி முழுமையானது. இதைத் தேடலின் முடிவில், கிடைத்த சிலவற்றுக்கு மட்டும் செய்தால் போதும்.

8. கணினிக்கு மாற்றும் வரிசை

முதலில் ந = 30 × 1, 30 × 2, 30 × 3 … என்று நீளமான பட்டியலை எடுங்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ‘இருக்கிறது’ என்று குறியுங்கள். பிறகு 7 முதல் சில நூறு வரையிலான ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தடை மீதிகளைக் கணக்கிட்டு, அந்த மீதி முதலில் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அந்தப் பகா எண்ணின் அளவுக்குத் தாவித் தாவி அடித்துக்கொண்டே போங்கள். இதுதான் சல்லடை. ஒவ்வோர் எண்ணையும் வகுத்துப் பார்ப்பதைவிட இது பல மடங்கு வேகம், ஏனென்றால் இங்கே வகுத்தலே கிடையாது, கூட்டல்தான்.

ஏழு உறுப்புள்ள முதல் முழுச் சங்கிலி 1122659-இல் தொடங்குகிறது. அதுவரை பார்க்க வேண்டிய ந-கள் 37422 மட்டுமே. எட்டு உறுப்புக்கு 19099919, அதாவது 636664 எண்கள். சாதாரண மடிக்கணினிக்கு இது பெரிய வேலையே அல்ல.

வழக்கமாக மூன்று இடங்களில் சிக்குகிறார்கள்.

ஒன்று, சல்லடையில் பயன்படுத்தும் பகா எண்ணே சங்கிலியில் இருந்தால் அதுவும் அடிபட்டுவிடும். சல்லடையில் 89 இருந்தால் 89-இன் சங்கிலி காணாமல் போகும். சல்லடையின் உச்ச எண்ணுக்குக் கீழான தொடக்கங்களைத் தனியாகத் தேடுங்கள்.

இரண்டு, பைத்தானில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் தசம எண் வரும். பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். பின்னோக்கிப் பார்க்கும் படியில் இரட்டைச் சாய்கோட்டையே பயன்படுத்துங்கள்.

மூன்று, சி போன்ற மொழிகளில் எண் நிரம்பி வழிவது. ஒன்பது உறுப்புள்ள மிகச் சிறிய முழுச் சங்கிலி 85864769-இல் தொடங்கி 21981381119-இல் முடிகிறது. அடுத்த படியின் சோதனையில் இந்த அளவு எண்களை வர்க்கப்படுத்த வேண்டிவரும், கடைசி எண்ணை வர்க்கப்படுத்தினால் 21 இலக்கங்கள் வரும். 64 பிட்டில் 20 இலக்கங்களுக்கு மேல் இடமில்லை. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது, விடை மட்டும் தவறாக வரும்.

9. மிஞ்சியதைச் சோதியுங்கள், பிறகு நிரூபியுங்கள்

சல்லடையில் தங்கியவற்றுக்கு முதலில் ஃபெர்மா சோதனை: 2-ஐ, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. பைத்தானின் பவ் (pow) செயற்கூறுக்கு மூன்றாவது உள்ளீடாக வகுக்கும் எண்ணைக் கொடுத்தால் நொடியில் முடியும். தோற்றால் கட்டாயம் பகு எண். ஓர் உறுப்பு தோற்றதுமே அடுத்த ந-க்குப் போய்விடுங்கள்.

தேறினால் மட்டும் பகா எண் ஆகிவிடாது. 341 = 11 × 31 இந்தச் சோதனையில் தேறிவிடும், 2047 = 23 × 89 என்பதும் அப்படியே. ஆனால் நம் சங்கிலிக்கு ஒரு வசதி இருக்கிறது. ப பகா எண் என்பது ஏற்கெனவே உறுதியாகி, 2ப + 1 என்பது 3-ஆல் வகுபடாமல், ஃபெர்மா சோதனையிலும் தேறினால், 2ப + 1 சந்தேகமில்லாமல் பகா எண். ஓர் எண்ணில் 1 கழித்தால் வரும் எண்ணின் காரணியை வைத்து அதைப் பகா எண் என்று நிரூபிக்கும் போக்லிங்டன் முறையின் எளிய வடிவம் இது.

ஏன் என்றால்: 2ப + 1-க்கு ஒரு பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணியால் வகுத்துக்கொண்டே 2-ஐ அடுக்கினால், மீதி முதல்முறை 1 ஆகும் அடுக்கு 2ப-ஐ வகுக்க வேண்டும். அது 1-ஆகவோ 2-ஆகவோ இருக்க முடியாது, இருந்தால் காரணி 3 ஆகியிருக்கும். எனவே அதில் ப அடங்கியிருக்கிறது. அந்த அடுக்கு காரணியைவிடச் சிறியது என்பதால், காரணி ப-ஐவிடப் பெரியது. பகு எண்ணாக இருந்தால் வர்க்கமூலத்துக்கு உட்பட்ட காரணி ஒன்று இருந்தே ஆக வேண்டும், அதற்கு இங்கே இடமில்லை.

ஆக, முதல் உறுப்பை மட்டும் முறையாக நிரூபித்துவிட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நிரூபணமாகிவிடும். வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய எண் உறுதியாகாமல் அடுத்ததற்கு இந்த வாதம் செல்லாது. முதல் உறுப்பு 64 பிட்டுக்குள் இருந்தால், 37 வரையிலான பன்னிரண்டு பகா எண்களையும் அடிமானமாக வைத்து மில்லர்–ராபின் சோதனை (ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவம்) செய்தால் அதுவே நிரூபணம்.

10. மற்ற நேரியல் சூத்திரங்கள்

2ப − 1 வகைக்கு ந = ப − 1. உறுப்புகள் ந + 1, 2ந + 1, 4ந + 1 என்று போகும். தடை மீதிகளைப் பகா எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்: 7-க்கு 1, 4, 2 என்பது 6, 3, 5 ஆகும். நீளமான சங்கிலிகள் இங்கே 1-இல் முடியும் எண்ணில் தொடங்கும். 1531, 3061, 6121, 12241, 24481 ஐந்து உறுப்புள்ளது. அடுத்த 48961 = 11 × 4451. ஆனால் ஒன்பதாம் படியின் நிரூபணம் இங்கே உதவாது. இந்த வகையில் 2ப-ஆக இருப்பது அடுத்த உறுப்புடன் 1 கூட்டிய எண், எனவே 1 கூட்டிய எண்ணின் காரணிகளை வைத்து நிரூபிக்கும் லூக்காஸ் வகைச் சோதனை வேண்டும்.

3ப + 2 என்றால் மீண்டும் ந = ப + 1, இப்போது மும்மடங்காகிறது: 5, 17, 53, அடுத்து 161 = 7 × 23. 3ப + 1 என்று எடுத்தால் ஒற்றைப் பகா எண் எல்லாம் இரட்டையாகிவிடும், முதல் அடியிலேயே முடிந்தது. பெருக்கும் எண்ணும் கூட்டும் எண்ணும் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கூட்டும் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டும் எண்ணை வகுக்கும் பகா எண், அடுத்த உறுப்புகளைக் கெடுக்காது. 2ப + 15 என்றால் 3-உம் 5-உம் தொந்தரவு செய்யாது. 11, 37, 89, 193, 401 என்று இவ்வளவு சிறிய தொடக்கத்திலேயே ஐந்து உறுப்புகள் கிடைப்பதற்கு அதுதான் காரணம். பிறகு வரும் 817 = 19 × 43.

11. உங்கள் நிரலைச் சரிபார்க்க

புதிய எண்களைத் தேடும் முன், தெரிந்த விடைகளை உங்கள் நிரல் தருகிறதா என்று பாருங்கள். முதல் வகையில் 1 முதல் 8 உறுப்பு வரையிலான முழுச் சங்கிலிகளின் மிகச் சிறிய தொடக்கங்கள்: 13, 3, 41, 509, 2, 89, 1122659, 19099919. இரண்டாம் வகைக்கு 1 முதல் 7 வரை: 11, 7, 2, 2131, 1531, 385591, 16651.

ஒன்றுக்கு 13 வராமல் 7 வந்தால் பின்னோக்கிப் பார்க்கும் படி விட்டுப்போயிருக்கிறது. ஐந்துக்கு 2 வராவிட்டால் சிறிய தொடக்கங்களைத் தனியாகப் பார்க்கவில்லை. ஆறுக்கு 89 கிடைக்காவிட்டால் சல்லடையின் உச்ச எண்ணைக் கவனியுங்கள். 509-உம் 1122659-உம் வராவிட்டால் பெரும்பாலும் ந-க்குப் பதிலாக ப-இன் மீதியை எடுத்திருப்பீர்கள். இவை எல்லாம் சரியாக வந்த பிறகு ஒன்பது, பத்து உறுப்புகளுக்குப் போகலாம். மேலே இடம் நிறைய இருக்கிறது: 2014-இல் யாரோஸ்லாவ் விரோப்லெவ்ஸ்கி 19 உறுப்புள்ள சங்கிலியைக் கண்டுபிடித்திருக்கிறார்.